ஆறு புள்ளி எட்டும் ஒரு சிவப்பு வட்டமும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், தண்ணீர் சுத்திகரிக்கும் ரசாயனம் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் லேபில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். அங்கே எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: யூனிட் மேடம். முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. கேண்டீனில் நான் தட்டோடு வந்தால் பேச்சு சட்டென்று சாம்பாரைப் பற்றி மாறும். அதை வைத்துத் தெரிந்துகொள்வேன்.

பெயர் வந்த கதை சின்னது. எங்கள் டேங்கர் லாரி ஒன்று எளாவூர் செக்போஸ்ட் தாண்டி ஆந்திராவுக்குப் போய், சரக்கை இறக்காமலே திரும்பி வந்தது. டெஸ்ட் ரிப்போர்ட்டில் இரும்பு என்ற வரிக்கு நேராக 40 என்று எண் மட்டும் இருந்தது. பத்து லட்சத்தில் நாற்பது பங்கு என்று எங்களுக்குத் தெரியும். வாங்கிய இடத்தில் ஸ்டோரில் இருந்தவர் நாற்பது சதவீதம் என்று படித்துவிட்டார். நாற்பது சதவீதம் இரும்பு இருந்தால் அது ரசாயனம் இல்லை, கடப்பாரை. அதெல்லாம் அவருக்கு ஏன் தெரிய வேண்டும்? எழுதாதது எங்கள் தப்பு.

அன்றிலிருந்து யூனிட் எழுதாத ரிப்போர்ட் எது வந்தாலும், அந்தக் காலி இடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன். திட்ட மாட்டேன், விளக்க மாட்டேன். வட்டம் மட்டும்தான். அதைப் பார்த்ததும் பெரிய பெரிய ஷிஃப்ட் இன்சார்ஜ்கள் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இப்படிப்பட்ட எனக்கு வாய்த்த கணவரோ யூனிட்டே எழுதாத மனிதர். வள்ளூர் பக்கம் ஓர் அனல் மின் நிலையத்தில் கண்ட்ரோல் ரூம் வேலை. மணிக்கு ஒரு தடவை மீட்டர்களைப் பார்த்து லாக் ஷீட்டில் எழுத வேண்டும். அந்தத் தாளில் மேலேயே அழுத்தம், வெப்பம் என்று தலைப்பும் அதன் யூனிட்டும் அச்சடித்திருக்கும். கீழே கட்டம் கட்டமாக எண்களை நிரப்பிக்கொண்டே போகலாம். பத்து வருடம் அப்படி நிரப்பிய கை, வீட்டிலும் எண்ணை மட்டும்தான் எழுதும். காலண்டரில் ஒரு நாள் 3 என்று எழுதியிருந்தார்.

"இன்னாங்க இது மூணு?"

"உனக்குத் தெரியாதா? மூணுதான்."

என்னவென்று கடைசிவரை அவருக்கே ஞாபகம் வரவில்லை.

கல்யாணமாகி நான்கு வருடம் ஆகியிருந்தது. எனக்கு முப்பத்து மூன்று வயது. குழந்தை இல்லை. சொந்தக்காரர்கள் விசேஷ வீடுகளில் என் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தார்கள். சென்னையில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். மாதவிடாயின் இரண்டாம் நாள் ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் இரண்டு எண்கள்: எஃப்.எஸ்.எச். 11.4, ஏ.எம்.எச். 0.9.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "எஃப்.எஸ்.எச். மூளைப் பக்கத்துலேருந்து ஓவரிக்கு வர்ற உத்தரவு. ஓவரி சரியா காதுல வாங்கலைன்னா உத்தரவு சத்தமா வரும், நம்பர் ஏறும். ஏ.எம்.எச். ஓவரிலேருந்தே வருது. முட்டை இருப்பு குறையக் குறைய அதுவும் குறையும். உங்களுக்கு மொதல்ல உள்ளது கொஞ்சம் அதிகம், ரெண்டாவது கொஞ்சம் கம்மி."

என் கணவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "ஒண்ணு ஏறக் கூடாது, ஒண்ணு எறங்கக் கூடாது. கரெக்டா மேடம்? அலாரம் லிமிட் எவ்ளோ?"

டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "அலாரம் இல்ல சார். இது எவ்வளவு மிச்சம் இருக்குன்னு தோராயமா சொல்ற கணக்கு. முட்டையோட தரம் இதுல தெரியாது. குழந்தையே பிறக்காதுன்னும் அர்த்தம் இல்ல. ஆனா காத்திருக்க நேரம் இல்ல. ரெண்டு மாசத்துக்குள்ள ட்ரீட்மெண்ட் ஆரம்பிச்சிடலாம்."

எனக்கு அதில் ஒரே வார்த்தைதான் காதில் விழுந்தது. மிச்சம். நான் ஏதோ ஸ்டோர் ரூம் மாதிரியும், யாரோ உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்வது மாதிரியும் இருந்தது. திரும்பி வரும் ரயிலில் மீஞ்சூர் வரை ரிப்போர்ட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன்.

அவர்தான் பேசினார். "ஒரே மீட்டர நம்பி எவனாவது மெஷின நிறுத்துவானா? வேற மீட்டர்ல ஒரு வாட்டி பாத்துரலாம்மா."

இன்னொரு இடத்தில் இன்னொரு டெஸ்ட் என்று முடிவானது. அதற்குள் செய்தி ஊத்துக்கோட்டைக்குப் போய்விட்டது. அங்கே என் நாத்தனார் இருந்தார், என் கணவருக்கு அக்கா. இரண்டே நாளில் பஸ் பிடித்து, ஒரு கட்டைப் பை நிறைய மலைவேம்பு இலையோடு வந்து இறங்கினார். மாதவிடாய் வந்த மூன்று நாளும் காலையில் வெறும் வயிற்றில் அரைத்த சாறு. கசப்பு என்ற சொல் போதாது. குடித்து முடித்து இரண்டு மணி நேரம் ஆன பிறகும் லேபில் என்னைப் பார்த்தவர்கள் ரிப்போர்ட்டில் ஏதோ தப்பு என்று நினைத்து ஒதுங்கினார்கள்.

"குடி கண்ணு. எங்க தெருவுல மூணு பேருக்கு நின்னுச்சு இதுல" என்பார் நாத்தனார், நான் டம்ளரை வைக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு.

இதற்கு நடுவில் கணவரின் ஆபீஸில் அவரை ஒரிசாவுக்குக் கேட்டார்கள். புது மின் நிலையம், இரண்டு வருடம், ஷிஃப்ட் இன்சார்ஜ் பதவி. ஷெட்டில்தான் தங்க வேண்டும், குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது. ஆறு வருடமாக அவர் எதிர்பார்த்த பதவி. சிகிச்சை இருக்கிறது என்பதால் உடனே சரி சொல்லவில்லை. சம்மதக் கடிதத்தை ஒரு திங்கள்கிழமைக்குள் கொடுக்க வேண்டும் என்று நாள் குறித்திருந்தார்கள். எழுதிய கடிதம் அலமாரியில் துணிக்கடியில் இருந்தது. எனக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் துணி மடித்து வைப்பது யார் என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அடுத்த மாதம் இரண்டாம் நாள், கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு மாடிக் கடையில் ரத்தம் கொடுத்தேன். அங்கே எடுப்பார்கள், பம்பாய்க்கு அனுப்பிச் சோதிப்பார்கள். பத்து நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை முடிவை அவருக்குப் போனில் சொன்னார்கள். கண்ட்ரோல் ரூமில் இருந்தவர், சட்டைப் பையில் இருந்த குட்டி டைரியை எடுத்து எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குள் வந்த வேகத்தில் செருப்பு ஒன்று வாசலிலும் ஒன்று ஹாலிலுமாகக் கிடந்தது.

"ஆறு புள்ளி எட்டு" என்றார்.

"எது?"

"ஏ.எம்.எச். பாரு." டைரியை நீட்டினார். லாக் ஷீட் மாதிரியே கோடு போட்டிருந்தார். ஒரு கட்டத்தில் 11.4, அதன் கீழே 11.1. பக்கத்துக் கட்டத்தில் 0.9, அதன் கீழே 6.8. "பூஜ்யம் புள்ளி ஒம்போதுலேருந்து ஆறு புள்ளி எட்டு. மொத லேபு டுபாக்கூரும்மா. இல்லன்னா அக்காவோட மலைவேம்பு."

இந்த இடத்தில் என்னைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சாம்பிளில் ஒரு அளவு அப்படியே நிற்க, பக்கத்து அளவு ஏழு மடங்கு ஏறினால், லேபில் நான் சந்தோஷப்பட மாட்டேன். கொண்டு வந்தவரை நிற்க வைத்து நாலு கேள்வி கேட்பேன். அன்றைக்கு நான் கேட்டது ஒரே கேள்வி: "நெசமாவா?" யூனிட் மேடத்தின் வாயில் யூனிட் என்ற சொல் வரவில்லை. வரக் கூடாது என்று நான்தான் பிடித்து வைத்திருந்தேனோ என்னவோ. அவ்வளவு நிம்மதியாக இருந்தது. சமையலறையில் பருப்பு அடிப்பிடிக்கும்வரை அந்த 6.8ஐயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் போனை எடுத்து முதலில் ஊத்துக்கோட்டைக்குப் பேசினார். அடுத்து டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போன் போட்டு, வாங்கியிருந்த அப்பாயிண்ட்மெண்டை இப்போதைக்கு வேண்டாம் என்றார். பிறகு அலமாரியைத் திறந்து கடிதத்தை எடுத்து வந்து, இதுவரை எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லப் போகும் முகத்தோடு ஒரிசாவைப் பற்றிச் சொன்னார்.

"இனிமே அவசரம் இல்லல்ல? ரெண்டு வருசம் ஓடிப் போயிரும். வந்து நிம்மதியா பாத்துக்கலாம். இன்னா சொல்றே?"

நான் தலையை ஆட்டினேன். குளியலறையில் அவர் சீட்டி அடிக்கும் சத்தம் கேட்டது. கல்யாணம் ஆனதிலிருந்து அவர் சீட்டி அடித்து நான் கேட்டதில்லை. ராகம் எதிலும் சேராத சீட்டி, ஆனாலும் சீட்டி.

மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில் பஜாரில் இறங்கி, மாடிக் கடையில் ரிப்போர்ட்டை வாங்கினேன். படிக்கட்டிலேயே பிரித்தேன். 6.8 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பழக்க தோஷம், கண் அடுத்த கட்டத்துக்குப் போனது. பைகோமோல், லிட்டருக்கு.

முதல் ரிப்போர்ட்டில் இருந்தது நானோகிராம், மில்லிலிட்டருக்கு.

படிக்கட்டில் யாரோ "வழி வுடும்மா" என்றார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். எஃப்.எஸ்.எச். வரியிலும் இரண்டு ரிப்போர்ட்டிலும் யூனிட் வேறு வேறுதான். ஆனால் அங்கே ஒன்றில் மில்லி யூனிட், மில்லிலிட்டருக்கு. மற்றதில் யூனிட், லிட்டருக்கு. மேலேயும் கீழேயும் ஆயிரத்தால் பெருக்கிய கதை, எண் மாறாது. அந்த எண் மாறாமல் இருந்ததுதான் எங்களை ஏமாற்றியது. ஏ.எம்.எச்.சில் ஒன்று எடைக் கணக்கு, மற்றது மூலக்கூறுகளின் எண்ணிக்கைக் கணக்கு. ஒன்றை மற்றதாக மாற்ற அந்தப் பொருளின் மூலக்கூறு எடை தெரிய வேண்டும். கெமிஸ்ட்ரி படித்தவளுக்கு இது சின்னக் கணக்கு.

ஸ்டேஷன் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அரை மணி நேரத்துக்கு டோக்கன் வாங்கி, தடுப்புக்குள் உட்கார்ந்தேன். பக்கம் திறக்கும் வேகத்துக்கு அரை மணியில் இருபது நிமிடம் போய்விட்டது. மூலக்கூறு எடை ஏறத்தாழ ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்று போட்டிருந்தது. டோக்கன் சீட்டின் பின்னால் கணக்குப் போட்டேன். மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் என்றால் லிட்டருக்கு ஏழு புள்ளி ஒன்று நாலு பைகோமோல். 6.8ஐ அதால் வகுத்தேன்.

0.95.

இரண்டு மீட்டரும் ஒரே அளவைத்தான் காட்டியிருந்தன. நான் எங்கும் ஏறவில்லை. இன்னொரு பக்கத்தில், நானோகிராமில் ஆறுக்கு மேல் இருந்தால் அது வேறு விதக் கோளாறாகவும் இருக்கலாம் என்று எழுதியிருந்தது. ஆக, நாங்கள் கொண்டாடிய எண் உண்மையாக இருந்தாலும் டாக்டரம்மாவிடம் ஓடத்தான் வேண்டியிருந்திருக்கும். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. சென்டர்காரர் தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்து, "டைம் முடிஞ்சிருச்சுக்கா, எக்ஸ்டென்ட் பண்ணட்டா?" என்றார்.

அன்று வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சனிக்கிழமையும் சொல்லவில்லை. அவர் ட்ரங்குப் பெட்டியைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தால் அவருடைய பதவியும் போகும், அந்தச் சீட்டியும் போகும். போவதற்குக் காரணம் என் உடம்பின் எண். அந்த 0.9ஐ இன்னொரு தடவை என் வாயாலேயே சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொல்லாமல் விட்டால், அவர் திரும்பி வரும்போது எனக்கு முப்பத்தைந்து முடிந்திருக்கும். அப்போது என்ன மிச்சம் இருக்கும் என்பதற்கு எந்த லேபும் உத்தரவாதம் தராது. இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டே இரண்டு நாளும் வீட்டைக் கழுவித் தள்ளினேன்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தார். இந்தத் தடவை கட்டைப் பை இல்லை, மூட்டை. ஷேர் ஆட்டோவில் இருந்து இறக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

"சொன்னேன்ல கண்ணு? எங்க ஊர்ல இப்ப ஊடு தவறாம மலைவேம்புதான். நாலு பொண்ணுங்க குடிக்கிதுங்க. உன் நம்பரத்தான் சொல்லிக்கினு இருக்கேன் எல்லார்கிட்டயும்."

என் ஏ.எம்.எச். ஊத்துக்கோட்டை முழுக்கப் பிரபலமாகியிருந்தது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி மாதவிடாய் என்று கூடச் சொல்லாமல் வளர்ந்தவள் நான். தலையைக் குனிந்துகொண்டு அவருக்குக் காபி கலந்தேன். இலை நிஜமாகவே வேலை செய்கிறது என்று நம்பி அந்த நாலு பெண்களும் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. என் ஒருத்தியின் வெட்கம் இனி என்னோடு மட்டும் நிற்கிற விஷயமாக இல்லை.

திங்கள்கிழமை காலை. அவர் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, நாஷ்டாவுக்கு உட்கார்ந்தார். கடிதம் பையில் தயாராக இருந்தது. தட்டில் இட்லியை வைத்தேன். பக்கத்தில் இரண்டு ரிப்போர்ட்டையும் அடுத்தடுத்து வைத்தேன். கைப்பையைத் திறந்து லேபில் வைத்திருக்கும் சிவப்புப் பேனாவை எடுத்து, இரண்டிலும் யூனிட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். வட்டம் மட்டும்தான்.

அவர் பார்த்தார். இட்லியைப் பிட்ட கை அப்படியே நின்றது. பத்து வருடமாக மீட்டர் பார்த்த மனிதர், அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"எவ்ளோவால வகுக்கணும்?" என்றார்.

"ஏழு புள்ளி ஒண்ணு நாலு."

பையிலிருந்து சம்மதக் கடிதத்தை எடுத்தார். அதன் பின்பக்கத்தில், என் பேனாவையே வாங்கி, வகுத்தார். மனக்கணக்காகவே சொல்லியிருக்கலாம், ஆனாலும் வகுத்தார். விடை வந்ததும் டைரியை எடுத்து, 6.8க்குப் பக்கத்தில் பைகோமோல் என்று எழுதினார். 0.9க்குப் பக்கத்தில் நானோகிராம் என்று எழுதினார். நான் பார்த்தவரை வீட்டில் அவர் எழுதிய முதல் யூனிட்டுகள் அவை.

"எப்ப தெரியும்?"

"வெள்ளிக்கெழமை."

"மூணு நாளா இத வச்சிக்கினு தனியா இருந்தியா?" டைரியை மூடி வைத்தார். "நான் பாட்டுக்குப் பெட்டிய தொடச்சிக்கினு இருக்கேன், நீ பாத்துக்கினு இருக்கே."

"உங்க சீட்டிய நிறுத்த மனசு வரல."

"அது சீட்டியா? எனக்கே கேக்க முடியல."

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு மூக்கில் இருந்து தண்ணீர் வந்தது, அவருக்குக் கண்ணில் இருந்து. பிறகு அவர் அந்தக் கடிதத்தை நாலாக மடித்துத் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போன் போட்டார். ஒரிசாவுக்கு வேறொருவர் போனார். அவர் படம் ஒன்று ஆபீஸ் போர்டில் ஹெல்மெட்டோடு ஒட்டியிருந்ததாம். அதைப் பற்றி இவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். சொல்லிவிட்டு வெகுநேரம் வாசலில் செருப்பைத் தேடுவது போல நின்றார்.

நாத்தனாரிடம் சொல்லும் வேலை எனக்கு வந்தது. யூனிட், எடை, மூலக்கூறு என்று முடிந்த மட்டும் சொன்னேன். அந்த நாலு பெண்களையும் முதலில் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள் என்றேன். அவர் கன்னத்தில் கை வைத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"டாக்டராண்ட அனுப்புறேன். சரி, மொத எவ்ளோ இருந்துச்சு?"

"0.9, அண்ணி."

"இப்ப?"

"0.95."

"ஏறித்தானே கீது?" என்றார்.

அது மெஷினுக்கு மெஷின் வருகிற வித்தியாசம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். அந்த 0.05 மலைவேம்புக்கே இருக்கட்டும்.

சிகிச்சை ஆரம்பமானது. முதல் தடவை ஒன்றும் நிற்கவில்லை. அன்று லேபுக்குப் போய், யூனிட் சரியாக எழுதியிருந்த ரிப்போர்ட்டில் கூட வட்டம் போட்டேன், ஒருத்தரும் எதிர்த்துக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை இரண்டே முட்டைகள் கிடைத்தன, அதில் ஒன்றுதான் கருவானது. என் 0.95க்கு அவ்வளவுதான் வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ரத்தப் பரிசோதனை நல்லபடியாக வந்தது. மூன்று வாரம் கழித்து ஸ்கேனுக்கு வரச் சொன்னார்கள்.

இருட்டான அறை. வயிற்றுக்குள் ஒரு சின்னப் புள்ளி துடிப்பது திரையில் தெரிந்தது. டாக்டரம்மா ஒரு கோட்டை இங்கிருந்து அங்கே இழுத்துவிட்டு, "நூத்து நாப்பத்திரண்டு" என்றார்.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் டைரியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"யூனிட் இன்னா மேடம்?" என்றார் என் கணவர்.

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். "ஒரு நிமிஷத்துக்கு சார். நிமிஷத்துக்கு நூத்து நாப்பத்திரண்டு துடிப்பு."

"நிமிஷத்துக்கு" என்று திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதினார். எழுதிவிட்டு டைரியை என் பக்கம் சாய்த்துக் காட்டினார், நான் சரி பார்க்க வேண்டும் என்பது போல. இருட்டில் எழுதியதில் எழுத்து கோணலாக இருந்தது. யூனிட் இருந்தது.